பன்னிரண்டாவது தோள்

அலங்காரத்துறையில் பெரிய வெள்ளிக்கிழமையன்று ஆண்டவரின் ஆசந்தியைத் தூக்கப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஆசந்தி என்றால் பாடைதான். சிலுவையிலிருந்து இறக்கிய மரச் சுரூபத்தை அதில் கிடத்தி, ஊரைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம் வரை கொண்டுபோவார்கள். தூக்குகிறவர் சாகும்வரை தூக்குவார். ஒருவர் போனால்தான் அடுத்தவருக்கு இடம்.

அந்த வருடம் ஒரு இடம் காலியானது. கயித்தான் போய்க் கேட்டார்.

ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? இரண்டு வருடம் முன்புவரை கயித்தானையே நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்துதான் வீட்டில் போடுவார்கள். அப்படிப்பட்ட குடி. அவர் மனைவி இசபெல்லாவின் பெட்டி கல்லறைக்குப் போன அன்று அவர் கரையில், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் சுருண்டு கிடந்தார். எழுந்து ஓடிப் பார்க்கும்போது மண் போட்டு மூடிவிட்டிருந்தார்கள். கட்டியவளுக்குத் தோள் கொடுக்காத ஆள் என்று ஊர் பேசியது. பேசினால் பேசட்டும். அவரால்தான் அதைத் தாங்க முடியவில்லை. அன்றோடு குடியை விட்டார்.

"அவளத் தூக்காத தோளு, ஆண்டவரையாவது தூக்கட்டும் உபதேசியாரே," என்றார். ஐம்பத்தைந்து வயது மனிதர், கைகட்டி நின்றார்.

உபதேசியார் சிங்கராயர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆசந்தி தூக்குகிறவர்களுக்குத் தவசு காலம் முழுக்கச் செபமும் கட்டளையும் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. நேராகப் பதில் சொல்லித் தெரியாத மனிதர். மணி என்ன என்று கேட்டால் சூரியனைக் காட்டுவார் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள்.

"நாளையிலருந்து வாரும்ணே," என்றார்.

கயித்தான் ஒரு நாள் தவறாமல் போனார். பத்துக் கட்டளைகளையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். 'களவு செய்யாதே' என்கிற ஏழாம் கட்டளை வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் வேகமாகப் போகும். சிங்கராயர் அதைக் கவனித்தாரா என்று யாருக்கும் தெரியாது.

*

ஆசந்தி தூக்குகிறவர்களுக்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. அவர்கள் வீட்டில் பிறர் பொருள் ஒரு ஊசிகூட இருக்கக் கூடாது. குருத்து ஞாயிறு முடிந்த மறுநாள் அவர்கள் ஊரில் ஒவ்வொரு வாசலாகப் போய் நிற்க வேண்டும்.

"உங்க பொருள் ஏதாவது எங்க வீட்டுல இருக்கா?" என்று கேட்க வேண்டும்.

இருந்தால் வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். இல்லையென்றால், "இல்ல, போயி ஆண்டவரைத் தூக்கும்," என்பார்கள். ஒரு வீட்டில் 'இருக்கு' என்று சொன்னாலும் அதைக் கொடுத்து முடிக்கும்வரை ஆசந்தியில் கை வைக்க முடியாது.

கயித்தான் காலையிலேயே கிளம்பினார். ஒரு வீட்டுக்கு ஏணியைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொரு வீட்டுக்கு உளி. மூன்றாவது வீட்டில், இசபெல்லா என்றோ வாங்கிய இட்லித் துணி இருப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு ஓடித் தேடி எடுத்து, துவைத்துக் காயவைத்துக் கொடுத்தார். அந்த வீட்டுக் கிழவி சிரித்துவிட்டாள்.

மூன்றாவது வீட்டிலிருந்து ஐந்தாவது வீட்டுக்குப் போனார். நான்காவது கித்தேரியின் வீடு. அதற்கு எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் வந்தார்.

கித்தேரியின் புருஷன் எஸ்தாக்கி ஐந்து மாதம் முன்பு நண்டு வலை போடக் கட்டுமரத்தில் தனியாகப் போனவன். திடீரென்று அடித்த காற்றில் போனவன் போனவன்தான். ஊர் வள்ளங்களெல்லாம் எட்டு நாள் தேடின. ஆளும் இல்லை, மரமும் இல்லை. 'இலங்கைப் பக்கம் ஒதுங்கியிருப்பான், அங்க பிடிச்சு வச்சிருப்பாங்க' என்று யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். கித்தேரி அதைப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை தோறும் அவன் சட்டையைத் துவைத்து மடித்து வைப்பாள். வள்ளங்கள் கரை வரும் நேரத்தில் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் ஓரம் நிற்பாள்.

கடலில் போனவனின் உடல் வராவிட்டால் அவன் பொருள் ஒன்றாவது வர வேண்டும் என்பது அங்கே முறை. வந்ததைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வார்கள். ஒன்றுமே வராதவனுக்குத் துக்க மணி அடிப்பதில்லை, பூசை வைப்பதில்லை. எஸ்தாக்கிக்கு மணி அடிக்கவில்லை.

கயித்தான் வாசலில் நின்றார்.

"உங்க பொருள் ஏதாவது எங்க வீட்டுல இருக்கா தாயி?"

கித்தேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க பொருள் உங்க வீட்டுல இருக்குமா அண்ணே? உங்க பொருளுதான் எங்க அடுப்புல கொதிக்குது. நீங்க குடுத்து விடுத நண்டுலதான என் புள்ளைக சோறு திங்குது."

அவர் பார்வை அடுப்புப் பக்கம் போனது.

"ஒண்ணும் இல்லண்ணே. போயி ஆண்டவரைத் தூக்குங்க."

அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். கயித்தான் வீட்டுக்கு வந்து, இசபெல்லாவின் தகரப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

*

எஸ்தாக்கி போன பன்னிரண்டாம் நாள். தேடி அலுத்து எல்லோரும் அவரவர் தொழிலுக்குத் திரும்பியிருந்தார்கள். விடியும் நேரம், கயித்தான் தன் கட்டுமரத்தில் தெற்கே வெகுதூரம் போயிருந்தார். தண்ணீரில் ஒரு திட்டு மிதந்தது. கிட்டே போனார். நண்டு வலை. புது வலை. அதன் மிதப்புக் கட்டைகளெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரு கைலியால் கட்டப்பட்டிருந்தன.

மரம் கவிழ்ந்தால் ஆள் அப்படித்தான் செய்வான். மிதப்புகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் நெஞ்சைப் போட்டுக் கிடப்பான். கட்டு இருந்தது. கிடந்தவனைக் காணவில்லை.

கட்டைகளில் சூட்டுக்கோலால் போட்ட குறி இருந்தது. ஒரு சிலுவை, பக்கத்தில் மூன்று புள்ளி. எஸ்தாக்கி வீட்டுக் குறி.

அந்த இடத்திலேயே கயித்தான் அழுதார். அது உண்மை. பிறகு வலையைப் பார்த்தார். அவருடைய வலை மூன்று வருடப் பழசு, கிழிசலைத் தைத்துத் தைத்தே பாதி நூலாகிவிட்டது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தப் பெண்ணின் உயிர் அன்றைக்கே போய்விடும் என்று நினைத்தார். கொஞ்ச நாள் போகட்டும், மனசு ஆறட்டும் என்று நினைத்தார். கடல் கொடுத்ததை வேண்டாமென்று சொல்ல நாம் யார் என்றும் நினைத்தார். ஒரே மூச்சில் இவ்வளவும் நினைக்க மனிதனுக்கு முடிகிறது.

முடிச்சு உப்பில் இறுகிப்போயிருந்தது. கத்தியால் அறுத்தார். மிதப்புகளைக் கழற்றித் தன் மிதப்புகளைக் கட்டினார். குறி போட்ட கட்டைகளை அடுப்பில் போடக் கை வரவில்லை, அதில் சிலுவை இருந்தது. கைலியில் சுற்றிப் பெட்டிக்குள், இசபெல்லாவின் சேலைகளுக்கு அடியில் வைத்தார்.

அன்றைக்கு நல்ல நண்டுப் பாடு, வலை நிறைய வந்தது. முதல் பங்கைக் கித்தேரி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அதன் பிறகு ஒரு நாளும் அதை நிறுத்தவில்லை. மனசு கொஞ்சம் லேசாக இருந்தது.

*

மாலையில் சிங்கராயர் கோயில் பின்னறையில் இருந்தார். வருடம் முழுக்கப் பெட்டிக்குள் கிடந்த மரச் சுரூபத்தை வெளியே எடுத்து, துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லா வாசலும் போயிட்டு வந்தீராணே?"

"போயிட்டு வந்தேன்."

"எல்லாரும் இல்லன்னு சொல்லிட்டாவளா?"

"சொல்லிட்டாவ."

"அப்ப இந்தப் பக்கம் பிடியும். காலைத் துடைக்கணும்."

கயித்தான் பிடிக்கவில்லை. கை இரண்டையும் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்.

"உபதேசியாரே, ஒரு சந்தேகம். கடல்ல மெதந்து வந்தது யாரு பொருள்?"

"தேடுதவங்க பொருள்."

"யாரும் தேடலேன்னா?"

"யாரும் தேடலேன்னா நீரு ஏன் கேக்கீரு?"

கயித்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். வலையைச் சொன்னார். கைலியைச் சொன்னார். அறுத்த முடிச்சையும் சொன்னார். சிங்கராயர் துடைப்பதை நிறுத்தவில்லை, ஆனால் துணி ஒரே இடத்தில் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. எஸ்தாக்கி அவரோடு நற்கருணைப் பாடம் படித்தவன்.

"அவ நம்பிக்க போயிருமேன்னுதான் மறைச்சேன் உபதேசியாரே. சத்தியமா."

"கைலிய மறைச்சது அதுக்கு. சரி. வலைய எதுக்கு வச்சிருந்தீரு?"

கயித்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புது வலை ஒண்ணு வாங்கி அவ வாசல்ல போட்டுருதேன். யாரு போட்டான்னு தெரிய வேண்டாம்."

"புது வலையில எஸ்தாக்கி இருப்பானா?"

"சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிருதேன்."

"பண்ணும். அது உம்ம ஆத்துமாவுக்கு. அவளுக்கு?"

"எப்படிச் சொல்லுவேன்? அவ முகத்தப் பாத்து எப்படிச் சொல்லுவேன்?"

சிங்கராயர் சுரூபத்தின் வலது கையைத் தூக்கிக் காட்டினார். தோளில் கீல் வைத்த கை அது, ஆணியிலிருந்து கழற்றினால் மடங்கும்.

"இவரத் தூக்கிப் பாரும்."

கயித்தான் தயங்கித் தயங்கிக் கையை நீட்டித் தூக்கினார்.

"கனமா இருக்கா?"

"இல்ல. லேசா இருக்கு. நாலு பேரு போதும்போல."

"நாலு பேரு போதும். ஆனாலும் பன்னிரண்டு பேரு வேணுங்காங்க. ஏன்னு நான் இதுவரைக்கும் யார்ட்டயும் கேக்கல." அவர் துணியை மடித்து வைத்தார். "பெட்டியத் தொறந்து, இருக்கதக் கொண்டு குடுத்துட்டு வாரும். வந்து சொல்லும், கனமா இருந்துச்சா, இல்லையான்னு."

*

செவ்வாய்க்கிழமை நண்பகல். கித்தேரி கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். கயித்தான் வருவதைப் பார்த்து, "வாங்கண்ணே," என்று எழுந்தாள். அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள். நீலக் கட்டம் போட்ட கைலி. கோயில் திருநாளுக்கு அவளே தேர்ந்தெடுத்து வாங்கியது.

அவர் அதை அவளிடம் நீட்டவில்லை. கீழே, மணலில் வைத்தார்.

அவள் உட்கார்ந்தாள். கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஏழாவதோ எட்டாவதோ ஒரு கட்டையில் மூன்று புள்ளிக்குப் பதில் நாலு புள்ளி இருந்தது.

"இது நான் போட்டது," என்றாள். "அவரு கட்டையப் பிடிச்சாரு, நான் சூடு போட்டேன். கை வழுக்கிருச்சு. நாலாவது புள்ளைக்கும் இடம் போட்டுட்டியேன்னு சிரிச்சாரு."

அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எங்கே கிடந்தது, எப்படிக் கிடந்தது, என்ன செய்தார், ஏன் செய்தார். 'ஏன்' என்பதைச் சொல்லும்போது அவருக்கே தன் குரல் பிடிக்கவில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சேர்த்துக் கட்டியிருந்தாரா?"

"ஆமா."

"அப்ப கொஞ்ச நேரம் இருந்திருக்காரு."

"இருந்திருப்பான் தாயி."

"முடிச்சு எங்க?"

"அறுத்துட்டேன்."

அவள் கைலியின் அறுந்த முனையை விரலால் தடவினாள். கத்தி பட்ட இடம் நேராக இருந்தது. வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அவரு கை போட்ட முடிச்சு அது," என்றாள்.

பிறகு கேட்டாள். "எந்த நாளுல கெடச்சுது?"

"செபமாலை மாதா திருநாளு முடிஞ்ச மறு வாரம்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "அப்ப கல்லறைத் திருநாளுக்கு முன்னாலயே."

"ஆமா."

"எல்லாரும் மெழுகுதிரி ஏத்துனாங்க. பக்கத்து வீட்டு அக்கா என்னையும் கூப்பிட்டா, பேருக்கு ஒண்ணு ஏத்திட்டு வருவோம்னு. எம் புருசன் உயிரோட இருக்காரு, யாருக்கு ஏத்தச் சொல்லுதன்னு அவள வாசல்ல நிக்க வச்சு ஏசுனேன். அஞ்சு மாசமா அவரு ஆத்துமாவுக்கு ஒருத்தரும் ஒரு செபம் சொல்லலண்ணே. நான் சொல்லல. என் புள்ளைகளச் சொல்ல விடல."

கயித்தான் தலை குனிந்து நின்றார்.

"தெனமும் சாப்பிடுதப்ப உங்களுக்குச் சொன்னோம். கயித்தான் மாமாவுக்கு ஆண்டவர் நல்ல ஆயுசு குடுக்கணும்னு என் சின்ன மவ சொல்லுவா. அந்த நண்டத் தின்னுட்டு."

அவள் அப்போதும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அடித்திருந்தால் காலைப் பிடித்திருப்பார். அவள் மிதப்புகளை எல்லாம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கைலியை அதன்மேல் போட்டு மூடினாள், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி.

"வலை மரத்துல இருக்கு. சாயங்காலம் கொண்டாந்து போட்டுருதேன்," என்றார்.

"கொண்டாங்க."

போக வேண்டியதுதான். அவர் போகவில்லை. முறைப்படி இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"வேற ஏதும் உங்க பொருள் எங்க வீட்டுல இருக்கா தாயி?"

கித்தேரி நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கு," என்றாள்.

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகுதான் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. ஐந்து மாதமாக அடக்கி வைத்த அழுகை. தெருவே ஓடி வந்தது.

*

புதன்கிழமை காலையில் துக்க மணி அடித்தது. பெட்டிக்குள் ஒரு கைலி, இருபத்திரண்டு மிதப்புக் கட்டை, துவைத்து மடித்த ஒரு சட்டை. தூக்க ஆள் குறைவில்லை, ஊரே வந்தது. கயித்தான் கல்லறைத் தோட்டத்துக் கதவுக்கு வெளியே நின்றார். பங்குச்சாமியார் அவரைக் கடந்து போகும்போது தோளைத் தொட்டுவிட்டுப் போனார். முந்தின நாள் மாலையே கயித்தான் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, மன்னிப்பும் வாங்கியிருந்தார்.

அடக்கம் முடிந்ததும் சிங்கராயரிடம் போனார்.

"இருக்குன்னு சொல்லிட்டா. வீட்டையே புரட்டிப் பாத்துட்டேன். பானைக்குள்ள பாத்தேன், கூரைக்குள்ள பாத்தேன். அவ பொருள் ஒரு துரும்பு இல்ல."

"அவ இருக்குன்னா இருக்கும்ணே."

"எங்க?"

சிங்கராயர் சூரியனைக் காட்டவில்லை. எதையும் காட்டவில்லை. "கனமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்று கயித்தான் தலையை ஆட்டினார்.

அந்த வருடம் ஆசந்தியைப் பதினொரு பேர் தூக்கினார்கள். இடது பக்கத்துக் கடைசி இடம் காலியாகப் போனது. வேறு ஆளைப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். சிங்கராயர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கயித்தான் ஊர்வலத்தின் கடைசியில், பெண்களுக்கும் பின்னால் நடந்தார்.

மறு வருடம் குருத்து ஞாயிறுக்கு மறுநாள் அவர் மீண்டும் வாசல் வாசலாகப் போனார். தன் களவைச் சொல்லிவிட்டுத்தான் கேட்டார். எல்லா வீட்டிலும் இல்லை என்றார்கள். கித்தேரி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கேட்டார்.

"இருக்கு அண்ணே," என்றாள்.

அதற்கடுத்த வருடமும் போனார். கித்தேரியின் மூத்த மகளுக்குத் திருமணம் பேசியிருந்தார்கள். எஸ்தாக்கியின் வலையைப் பங்குக்கு விட்டுப் பிள்ளைகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தாள். கயித்தான் கேட்டதும் அவள் உடனே பதில் சொல்லவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்தாள். இந்தத் தடவை 'இல்ல' என்று சொல்லிவிடுவாள் என்று அவர் நினைத்தார். அவள் உதடு ஒருமுறை அசைந்தது.

"இருக்கு," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அன்றைக்குக் கயித்தானுக்குக் கோபம் வந்தது. நேராகக் கோயில் பின்னறைக்குப் போனார். சிங்கராயர் வழக்கம்போல் சுரூபத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னும் எத்தன வருசம் நான் அந்த வாசல்ல போயி நிக்கணும் உபதேசியாரே?"

சிங்கராயர் துணியை மறுபடி எண்ணெயில் தொட்டார்.

"வலையக் குடுத்தாச்சு. கைலியக் குடுத்தாச்சு. வீடு வீடா எல்லார் முன்னாலயும் என் களவச் சொல்லியாச்சு. சாமியார் மன்னிச்சாரு. ஆண்டவர் மன்னிச்சிருப்பாருன்னு அவரே சொன்னாரு. எனக்கு வயசாவுது. அந்த ஆசந்தியில ஒரு தடவ கை வச்சுட்டுச் செத்துருவேன். 'இல்ல'ன்னு ஒத்த வார்த்த. அதச் சொன்னா அவளுக்கு என்ன கொறஞ்சு போயிரும்? அந்த ஒத்த வார்த்தயக்கூட எனக்குத் தரக் கூடாதா?"

சிங்கராயர் சுரூபத்தின் கையை மெதுவாக மடக்கி நெஞ்சின்மேல் வைத்தார். துணியைக் கீழே வைத்தார். அவருடைய கண்ணும் நனைந்திருந்தது.

"அந்த வார்த்த யாரு பொருள்ணே?" என்று கேட்டார்.

"அவ பொருள்," என்று சொல்லிவிட்டுக் கயித்தான் துணியை எடுத்துச் சுரூபத்தின் காலைத் துடைத்தார்.